நாற்காலி மசோதாவுக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை, மதினி

என் பிரியமான மதினி,

இருந்த காலம் பூரா உன்கூட மல்லுக்கு நின்ன நாத்தனாதான் எழுதுறேன். நல்லா இருக்கியான்னு கேட்க வாய் வருது. என்னத்தைக் கேட்க? நீ போய் வருசம் திரும்பப் போகுது. நாயுடுபுரத்து வீட்டுல உன் படத்துக்கு ரேணுகாதான் பூ வைக்கிறா. உன் மக முழுகாம இருக்கா மதினி. ஏழு மாசம்.

சந்தோசப்படு. நான் இன்னும் படலை. போன தடவை கரு தங்காமப் போனப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது. இந்தத் தடவை டாக்டரம்மா முதல்லயே சொல்லிட்டாங்க, "ரொம்ப நேரம் நிக்கக்கூடாது. உட்கார்ந்து பாக்குற வேலைன்னா பாருங்க"ன்னு. உட்கார்ந்து பாக்குற வேலைக்கு நாங்க எங்கே போக? மாப்பிள்ளையோட டாக்சி பெருமாள்மலை ஒர்க்‌ஷாப்புல இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுக் கெடக்கு. நீ நின்ன அதே சாக்லேட் கவுண்ட்டர்லதான் உன் மகளும் நிக்கிறா.

அந்தக் கடை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்குத் தெரியாதே, அவங்களுக்காகச் சொல்லிக்கிறேன். எங்க மலையூர்ல ஏரிக்குப் போற வழியில சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விக்கிற கடை. காலையில ஷட்டரைத் தூக்கினா ராத்திரி இறக்குற வரைக்கும் பொம்பளைங்க நாங்க நின்னபடிதான். முதலாளி பழனியில இருக்கார். அங்கே அவரோட பஞ்சாமிர்தக் கடையில மெத்தை வச்ச நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, போன்ல எங்களைப் பார்ப்பார். கல்லாவுக்குப் பின்னாடி தலை உசரத்துல கேமரா. யாராவது அட்டைப்பெட்டி மேல இடுப்பைச் சாய்ச்சா போதும், கடை போன் அடிக்கும். "யாரும்மா அது உட்கார்ந்திருக்கிறது? கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பான்?"

மஞ்சு, அதான் பனிமூட்டம், வந்தாத்தான் நமக்கு விடிவு. ஏரிப்பக்கமிருந்து மஞ்சு ஏறிக் கடைக்குள்ள நுழைஞ்சதும் கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சிரும். அத்தனை பேரும் தொப்புன்னு உட்காருவோம். "பெரட்டு கலைஞ்சிருச்சு, வெரசா உட்காருங்கடி"ம்ப. பெரட்டுன்னா என்னன்னு புதுசா வர்ற பிள்ளைங்க கேட்கும். இலங்கைத் தோட்டத்துல காலையில கங்காணி ஆள்களை வரிசையா நிப்பாட்டிப் பேர் கூப்பிடுறதுன்னு, உங்க அம்மா சொன்னதை நீ சொல்லுவ. "எங்கம்மாவாச்சும் மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்துச்சு"ன்னும் சொல்லுவ.

உனக்குக் கால்ல நரம்பு முறுக்கி, புண்ணாகி, கடைசியில ரத்தம் கட்டி அது நெஞ்சுக்கு ஏறிருச்சுன்னாங்க. விதின்னுட்டாரு அண்ணன். எனக்கு மனசு ஆறலை. விதியா அது? ஒரு நாற்காலி இல்லாமச் செத்தவ நீ. இதை நான் சொன்னா அண்ணன் எந்திரிச்சு வெளியில போயிடுறாரு.

விசயத்துக்கு வர்றேன். சென்னையில சட்டசபையில ஒரு மசோதா கொண்டுவந்தாங்க மதினி. கடையில வேலை செய்யிறவங்களுக்கு உட்கார இருக்கை போடணும், நாள் பூரா நிக்க வைக்கக்கூடாதுன்னு. டீவியில அடியில ஓடுற எழுத்துல பார்த்தேன். சோத்துத் தட்டோட எந்திரிச்சு நின்னுட்டேன். "உட்காரச் சொல்லித்தானே அத்தை போட்டிருக்கான், நீ ஏன் எந்திரிக்கிற?"ன்னு சிரிச்சா ரேணுகா. உன் நக்கல் அப்படியே இருக்கு அவகிட்ட.

அன்னையிலருந்து எனக்கு அதே சோலி. அரசியல் பேச்சு வந்தா சேனலை மாத்துறவ நான். இப்ப அறிமுகம்னா என்ன, விவாதம் எப்ப, ஓட்டு எப்பன்னு பேப்பரைத் துழாவிக்கிட்டுக் கெடந்தேன். ஓட்டெடுக்கிற அன்னைக்குத் தைலப் பாட்டிலுங்களுக்கு நடுவுல போனைச் சாய்ச்சு வச்சு, ஒரு காதுல ஒயரை மாட்டி, சீலைத் தலைப்பால மறைச்சுக்கிட்டுக் கேட்டேன். ஆதரிக்கிறவங்க ஆம்னு சொல்லுங்கன்னாரு சபாநாயகர். "ஆம்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான், அடுத்த மசோதாவுக்குப் போயிட்டாங்க. அத்தனை பேரும் உட்கார்ந்துக்கிட்டே சொன்னாங்க மதினி.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மஞ்சுமில்லை ஒண்ணுமில்லை, பளீர்னு வெயில் அடிக்குது. கேமராவுக்கு நேரா ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு ரேணுகாவை உட்கார வச்சேன். நிறைவேறிருச்சுன்னா சட்டம்தானே? கூட இருந்த பிள்ளைங்களும் உட்கார்ந்திருச்சுங்க. ஆளுக்கொரு சாக்லேட்டை வாயில போட்டோம். போன் அடிச்சது.

"சட்டம் வந்திருச்சு முதலாளி, இனி உட்காரலாம்"னேன்.

"எந்த ஊருச் சட்டம்? கவர்னர் கையெழுத்துப் போட்டாரா? கெஜட்ல வந்துச்சா? ஒண்ணும் தெரியாம ஆடுறீங்க. கெஜட் வரட்டும், நானே நாற்காலி வாங்கிப் போடுறேன். அதுக்கு முன்ன அந்தப் பிள்ளை இன்னொரு தடவை உட்கார்ந்தா, வீட்டுலயே உட்கார்ந்துக்கச் சொல்லு."

திண்டுக்கல் தொழிலாளர் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. சபையில நிறைவேறினாலும், கையெழுத்தாகி அரசிதழ்ல வந்தாத்தான் செல்லுமாம். முதலாளி சொன்னது நெசம்தான். நான் வாயடைச்சுப் போனேன். அதைப் பார்க்க உனக்குக் குடுத்து வைக்கலையே!

அதிலருந்து காத்துக் கெடக்கோம். வெள்ளனே எந்திரிச்சதும் பேப்பர். ஒரு வரி இல்லை. மஞ்சாவது வரும்னு பார்த்தா, பாழாப்போன வெயிலு தினமும் காயுது. டூரிஸ்ட்டுக்குக் கொண்டாட்டம். ரேணுகா காலு வீங்கிச் செருப்புக்குள்ள நுழையலை. ஒரு கையெழுத்து எத்தனை மேசை தாண்டி வரணும் மதினி? வயித்துல இருக்கிறது அதுவரைக்கும் பொறுக்குமா?

போன வாரம் ஒரு மத்தியானம் என் காதுகிட்ட வந்து, "அத்தை, லேசா ரத்தம் படுது"ன்னா. கடையைப் பிள்ளைங்ககிட்ட விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு ஓடினேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துட்டு, குழந்தை நல்லா இருக்குன்னாங்க. இன்னொரு தடவை இப்படி நின்னுட்டு வந்தா நான் பொறுப்பில்லைன்னும் சொன்னாங்க. வேலையை விடுடின்னேன். "விட்டுட்டுப் பிரசவத்துக்கு எதை வச்சுப் பார்க்க? நின்னா பிள்ளை போகும், உட்கார்ந்தா வேலை போகும். நீயே சொல்லு அத்தை"ன்னா.

ரெண்டு நாள் படுத்திருந்துட்டு வேலைக்கு வந்தா. அன்னைக்கு நான் நேரா போய்க் கேமராவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டேன். ஆளு பாதி கடை பாதின்னு என்னைக் கேலி பண்ணுவியே, அந்த உடம்பு உன் மகளுக்கு உதவுச்சு. ஸ்வெட்டரு மேல சால்வையும் போத்திக்கிட்டேன். எனக்குப் பின்னாடி ரேணுகா பெட்டி மேல உட்கார்ந்து சாக்லேட்டை எடை போட்டா.

"ஏம்மா அங்கேயே நிக்கிற? கடையே தெரியலை."

"நிக்கத்தானே சொன்னீங்க முதலாளி? நிக்கிறேன்."

பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சதுங்க. அப்படியே சில நாள் ஓடுச்சு. இன்னைக்குச் சாயந்தரம் மறுபடி போன். சத்தம்கூடப் போடலை. "நாளைக்குக் காலையில நேர்ல வர்றேன்"னு மட்டும் சொல்லி வச்சுட்டார்.

கேமராவை மறைக்கலாம், ஆளையே எதைக் கொண்டு மறைக்க? கெஜட் வரலை. இன்னைக்குப் பேப்பரையும் மூணு தடவை புரட்டிட்டேன். பயமா இருக்கு மதினி. என் வேலையை நினைச்சு இல்லைன்னு சொன்னா நம்புவியா? அதுவும்தான். "அவர் வந்தாலும் நீ எந்திரிக்காத, நான் பேசிக்கிறேன்"னு ரேணுகாகிட்டச் சொன்னேன். அவ வீங்கின காலைத் தடவிக்கிட்டே சொன்னா.

"எந்திரிக்கக் கூடாதுன்னுதான் இருக்கேன் அத்தை. ஆனா அவர் படியேறி வந்தா என் காலு தானா எந்திரிச்சிரும். அம்மாவுக்கும் அப்படித்தானே? ஆஸ்பத்திரியில கடைசியா அவர் பார்க்க வந்தப்ப, அந்தக் காலை வச்சுக்கிட்டு அம்மா கட்டில்லருந்து எந்திரிக்கப் பார்த்துச்சே."

நான் அன்னைக்கு அங்கே இல்லை மதினி. எனக்குத் தெரியாது. அழுதேன், அப்புறம் உன்மேல கோவம் வந்துச்சு. சாகக் கெடந்தவ, அந்த ஆளுக்கு எதுக்குடி எந்திரிச்ச?

நாளைக்கு நான் ரேணுகாவுக்குப் பின்னாடி நிப்பேன். என் ரெண்டு கையும் அவ தோள் மேல இருக்கும். அவர் வரட்டும், கத்தட்டும், ரெண்டு பேரையும் கடையை விட்டு அனுப்பட்டும். உன் மக காலு எந்திரிக்கப் பார்த்தாலும் என் கை விடாது. இது உன்மேல சத்தியம்.

உன் மகளை அமுத்திப் பிடிச்சுக்கப் போற
உன் நாத்தனா,
சுந்தரி