நீலக் கணினியில் வந்த கடல்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் தன் இஷ்டத்துக்கு நடப்பதைத் தவிர மற்றபடி நன்றாகவே இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன வாரம் போனில், குரல் ஒரு மாதிரி இருக்கேம்மா என்று கேட்டாய், தூசி என்று சமாளித்தேன். தூசி இல்லை. வேறு யார் வாயாலாவது உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் கணினிக் கூடத்தை நடத்தியவள் என்று பல்கலைக்கழகத்தில் என்னைக் கொள்முதல் குழுவுக்கு மறுபடி கூப்பிட்டார்கள் அல்லவா, மாணவர்கள் பெரிய கணக்குகள் போட வொர்க்ஸ்டேஷன்கள் வாங்க வேண்டுமாம். மூன்று கம்பெனிகள் ஆளுக்கொன்று மாதிரிக்கு அனுப்பியிருந்தன. பெயரைப் பார்த்து யாரும் மயங்கக் கூடாது என்று மூன்றின் நெற்றியிலும் காகிதம் ஒட்டி மறைத்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நானே பெயர் வைத்தேன். ஒதுக்கிய தொகைக்குச் சிவப்பு என்றால் ஒன்பது வரும், மஞ்சள் பதின்மூன்று, நீலம் இருபது. விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் நீலம்தான், ஆனால் இருபது பேர் உட்கார்ந்து கணக்கு முடியாமல் கொட்டாவி விட்டால் அது எப்படி மலிவாகும்? ஆகவே மூன்றுக்கும் ஒரே வேலை கொடுத்தோம், மலையில் பெய்த மழை ஆறாகி எங்கெல்லாம் பாயும் என்ற வெள்ளக் கணக்கு. நாளுக்கு ஒரு கணினி, எதிரே உட்கார்ந்து முடியும் நேரத்தைக் குறிப்பது என் வேலை.

முதல் நாள் நீலம். மூன்றாம் மாடி அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். மூச்சு விடும் சத்தம்கூட இல்லாத கணினி அது. திரையில் மலை, அதன் மடிப்பில் நூல் போல ஒரு நீலக் கோடு, கோடு மெல்ல அகன்று வயலில் இறங்கி, பாலத்தின் கால்களைச் சுற்றி, வீடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. சுவரெல்லாம் நீர் வெளிச்சம் ஆடியது. சாப்பாட்டுக்குப் பிறகும் ஆறு அவசரப்படவில்லை, நானும் அவசரப்படவில்லை, மரங்கள் விலகி வழி விட்டன, மணல் வெளுத்தது, அப்புறம் எதிரே கடல், அவ்வளவு பெரிய கடல். நிமிர்ந்தபோது திரை அணைந்திருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து, மூன்று பத்து, கடலை அடைந்தது என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சிவப்பு மிக்ஸி மாதிரி அலறி இரண்டு மணி நேரத்தில் முடித்தது, அதற்கடுத்த நாள் மஞ்சளுக்கு நாலு மணி நேரம்.

ஐந்து மணி நேரம் பத்து நிமிஷத்தில் முடிக்கும் கணினியில் இருபது இருக்கை என்றால் யார் விடுவார்கள்? குழுவில் எட்டுப் பேரும் என் அறிக்கையைப் படித்து நீலத்துக்குத் தலையாட்டிவிட்டார்கள். முறைப்படி ஒரு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று எழுந்தேன். சிவப்பு, நீர்த்தேக்கம் நிறைந்தது. மஞ்சள், நீர்த்தேக்கம் நிறைந்தது. நீலம், கடலை அடைந்தது. கான்வென்ட் சிஸ்டர்கள் விரல் முட்டியில் அடித்துப் பழக்கிய என் கையெழுத்தில், ஒரு சுழி பிசகாமல். அந்தக் கணக்கில் கடலே கிடையாது, கண்ணு. ஆறு நீர்த்தேக்கத்தோடு நின்றுவிடும்.

தலைவர், என் கூடத்தில் அந்தக் காலத்தில் திட்டு வாங்கிய பிள்ளை, இப்போது தலை நரைத்த பேராசிரியர், சின்ன எழுத்துப் பிழைதானே மேடம், அடிச்சுட்டு நீர்த்தேக்கம்னு போட்டுடுங்க என்றார். போட்டிருக்கலாம், பேனா கையில்தான் இருந்தது. எழுத்துப் பிழை இல்ல சார், நான் தூங்கிட்டேன் என்றேன். யாரோ இருமினார்கள். நானும்தான் ஒவ்வொரு மீட்டிங்லயும் தூங்கறேன், என்னைக்காவது சொல்லியிருக்கேனா என்றார் கணக்குத் துறைக்காரர், எல்லாரும் சிரித்தார்கள், என்னால் முடியவில்லை.

ஆய்வகப் பொறுப்பாளர் நீலத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் பாலத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது, இதுக்கு ஞாபகசக்தி பத்தல மேடம், கூடுதல் மெமரி போட்டாத்தான் என்றார். அதையும் சேர்த்தால் இருபது பதினாலாகக் குறைகிறது, அப்படியும் ஏழு மணி நேரம். நேற்று மஞ்சள் பதின்மூன்றுக்குக் கையெழுத்தானது. புது அறிக்கையின் முதல் வரியில் என் தவறை எழுதினேன், வேண்டாமே என்று தலைவர் கெஞ்சியும் எடுக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு, போதும்மா, வீட்ல இருங்க என்று ஆரம்பிக்காதே.

குழுவில் சொல்லாத ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்தக் கடலில் உன் அப்பா நின்றார். போய்ச் சேர்ந்து ஆறு வருஷத்தில் ஒரு ராத்திரிகூடக் கனவில் எட்டிப் பார்க்காத மனிதர், நான் வேலையாக இருக்கும்போது வந்து நிற்கிறார், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்து, மூணு பத்து, எழுதிக்கோ என்றார். அவர் சொன்னதைச் சரிபார்க்காமல் நான் எழுதியது என் ஆயுசில் அது ஒன்றுதான்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். பயலின் காதுக்கு மருந்து விட மறக்காதே, பதிலைக் கையால் எழுது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா