என் பெயரில் திறந்திருந்த திரை

மார்ச் 3
சுகாதார நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு மாதம். வரிசை குறையும் என்றார்கள். அது வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்தே நாளாயிற்று. கொஞ்ச நேரம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கிறது. "உங்க பேர்லயே திறந்து வச்சிடுங்க சிஸ்டர், எனக்கும் அதுவே போதும்" என்றார். வைத்தேன்; பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. டாக்டர் யாரையும் கேட்பதில்லை. எல்லோருக்கும் 'இல்லை' என்று தட்டிவிடுகிறார். ஊசி போடும்முன் நான் கேட்டால் எரிந்து விழுகிறார்: "அதான் திரையில இருக்கே! வரிசை நிக்குது பாருங்க."

மார்ச் 10
மற்ற நிலையங்களைவிட அதிகம் பேரைப் பார்க்கிறோமாம். மேலிடத்துப் பாராட்டு.

மார்ச் 17
கடைத்தெருத் தையல்காரம்மா இடுப்புவலி என்று வந்தார். திரையில் 'இல்லை'. வலி ஊசி போட்டேன். சற்று நேரத்தில் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, என் மேலேயே சாய்ந்தார். மாற்று ஊசி, ஆம்புலன்ஸ் — எப்படியோ பிழைத்துக்கொண்டார். "அவளுக்கு இந்த ஊசி ஆகாதும்மா. ஒருத்தரும் கேக்கலியே" என்று அவர் கணவர் அழுதார். நானாவது கேட்டிருக்க வேண்டாமா? ஒரு திட்டுக்குப் பயந்தா விட்டேன்?

மார்ச் 19
விசாரணை. 'இல்லை' என்று தட்டியது யார் என்று பார்த்தால் என் பெயர்தான் நிற்கிறது. "பயப்படாதீங்க, நான் சொல்லிக்கறேன்" என்றார் டாக்டர்.

மார்ச் 24
சொன்னார். "பதிவுல யார் பேர் இருக்கோ அவங்கதான் சார்." பச்சைப் பொய்! "நீங்கதான சார் தட்டுனீங்க!" என்று கத்தியேவிட்டேன். பாஸ்வேர்டை ஏன் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார் அதிகாரி.

மார்ச் 26
சஸ்பெண்ட். "வேலை போனா போகட்டும் விடு" என்கிறார் வீட்டுக்காரர். வேலையா எனக்குப் பெரிது? கேட்காமல் கொள்ளாமல் ஊசியைக் குத்துகிறவள் என்று தெருவே பேசுகிறது. தையல்காரம்மா ஒருவராவது நடந்ததைத் தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 30
போனேன். அவர் கணவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"டாக்டர் நேத்து பழமெல்லாம் வாங்கிட்டு வந்தாரும்மா. உங்களுக்காகவும் அவரே மன்னிப்பு கேட்டுட்டாரு. தங்கமான மனுஷன். நாங்க மனசுல வச்சுக்கல, நீங்க போங்க."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டும் நிற்கவில்லை.