வெங்காயப் பாத்தியில் கோரை

தை 13, செவ்வாய்.

எழுத்து கோணினால் கோணட்டும். கண்புரை வந்தவள் தோட்டத்தில் இறங்கக் கூடாதாம், என் வீட்டுக்காரர் உத்தரவு. ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் உருப்படிகளைச் சோதித்த மகா கண் அவருடையது. காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் பின்பக்கம் என் சின்ன வெங்காயப் பாத்தியில் களையெடுக்க அவரே உட்கார்ந்தார்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பால் கொண்டுவரும் செல்வி, அவர் பிடுங்கிப்போட்ட குவியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாண்ணா, வெங்காயத்த புடுங்கிட்டு கோரைய வுட்டு வெச்சிகீறீங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானம்மா இருந்துச்சு" என்றார். அந்தக் கோரைக்கு ஒரு குடம் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறார்!

பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். அடித்தண்டை விரலில் உருட்டினால் கோரை மூன்று பட்டையாக இடறும். வெங்காயத்தாள் உருண்டையாக, உள்ளே காற்றோடு அமுங்கும். இதற்குக் கண் எதற்கு?

பொழுது சாய்ந்ததும் நானே இறங்கினேன். தடவித் தடவிக் கோரையைப் பிடுங்கி, வாடாத வெங்காயத்தை மறுபடி ஊன்றினேன். இருட்டியதும் அவர் பக்கத்தில் வந்து டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எதற்கு டார்ச்? தன் முகத்திலேயே அடித்துக்கொள்ளட்டும்.