ஒரே பெயர் உள்ள சீட்டு

உத்தனப்பள்ளி
14.11.1986

அன்புள்ள மாமாவுக்கு முனிலட்சுமி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். மாஸ்கோவில் உங்கள் சுகத்தை, உங்களைப் படிக்க அனுப்பிய தொழிற்சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த முறையும் கடிதத்தை எனக்குப் போடாமல் சங்கத்துக்குத்தானே போட்டிருக்கிறீர்கள்.

செயலாளர் திம்மராயன் அண்ணன் அதை ஓசூர் கூட்டத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். எல்லாருக்கும் வீடு, வைத்தியத்துக்குக் காசில்லை, பெண்கள் ட்ராம் ஓட்டுகிறார்கள் என்றதும் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் நான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் வகுப்பு மொழிபெயர்ப்பாளர் அந்த வேரா. தமிழ் பேசுகிறாளாம், பாடத்தை விளக்குகிறாளாம், நீங்கள் சொன்னதற்குச் சிரித்தாளாம். அவள் சிரித்ததைச் சங்கத்துக்கு எதற்கு எழுத வேண்டும்? எனக்கு வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அங்கே ஓட்டுச் சீட்டில் ஒரே பெயர்தான் இருக்கும் என்று படித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நம் பஞ்சாயத்துக்கு ஆறு பேர் நின்றார்கள். ஜெயித்தவர் இன்னும் குழாய் போடவில்லை. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். அங்கே அப்படிக் கேட்க முடியுமா என்று வேராவிடம் கேளுங்கள். மற்றபடி ஒரே பெயர் என்பது எனக்குத் தப்பாகப் படவில்லை. கல்யாண விஷயத்தில் நான் அந்தக் கட்சி.

ஆறு மாதப் படிப்பு போதாது, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சங்கமே முடிவு செய்யட்டும் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். "நம்மாளு ஒருத்தன் படிச்சிட்டு வந்தா நமக்குத்தானே நல்லது" என்றார் திம்மராயன் அண்ணன். எல்லாரும் கை தூக்கினார்கள். வேண்டாம் என்பவர் யார் என்றபோது, டீ கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கமிருந்து நான் தூக்கினேன். உறுப்பினர் இல்லை, கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே மேலே இருக்கிற நாலு பேர் முடிவு செய்கிறார்கள், இங்கே கூடியிருக்கிற நூறு பேர். என்னை யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

சங்கத்தின் பதில் இந்த வாரம் புறப்படும். அதற்கு முன்னால் இது சேரட்டும் என்று இப்போதே தபாலாபீசுக்குப் போகிறேன். தை பிறப்பதற்குள் வந்துவிடுங்கள் மாமா.

அங்கே பனி கொட்டுகிறதாம். கடிதத்தோடு வந்த போட்டோவில் உங்கள் கழுத்தில் இருக்கிற கம்பளித் துண்டு அவள் பின்னிக் கொடுத்தது என்று சொன்னார்கள். இருக்கட்டும். காதையும் சேர்த்து நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் குளிர் ஆகாது.

இப்படிக்கு
உங்கள் முனிலட்சுமி