தவிலுக்கு வந்து சேர்ந்த ரசனை

ராஜபாளையம்
11.3.1984

மஸ்கட்டில் இருந்தாலும் என் மனசை விட்டுப் போகாத மருமகன் சேதுபதிக்கு,

இங்கே மழை இல்லை, மற்றதெல்லாம் உண்டு. உங்கள் அடுத்த வீட்டு வில்சன் கையில் நீ கொடுத்துவிட்ட டேப்ரிக்கார்டர் வந்து சேர்ந்தது. தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஒரு பெரியவர் செட்டைத் தொட்டுக் கும்பிட்டார். நான் எழுதுவதில் பொய் இருந்தால் பாதிதான் இருக்கும்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் ஆவுடையப்பன் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கிறான். நாம் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவான். மற்றவர்கள் பட்டியலை வாங்கி ஆணியில் குத்துவான். என் பட்டியலை எழுந்து நின்று வாங்குவான். நேற்று முதல் கேசட் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் புல்லாங்குழல், மறுபக்கம் ஒரு சின்னப் பெண் பாடின தட்டு. ஊசி நுனி மாதிரிக் குரல். பாட்டுக்கு நடுவில் அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கிறது. ஆவுடையப்பனுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. இந்த ஊரில் சங்கீத ஞானம் உள்ளவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தர் போன தையில் காலமாகிவிட்டார்.

மில்லில் புதுசாக வருகிற பயல்கள் காதில் பஞ்சு வைக்கிறான்கள். இருபத்தாறு வருசமாக நூல் சுற்றுகிற கதிர்களுக்கு நடுவே நிற்கிறேன், ஒருநாளும் வைத்ததில்லை. சத்தத்தில் புடம் போட்ட காது இது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா சௌக்கியம். ஞாயிறுதோறும் போய் வருகிறேன்.

உன் தாய்மாமன்,
சங்கீத ரசிகர் பொ. ஐயாதுரை


ராஜபாளையம்
9.10.1989

அருமை மருமகன் சேதுபதிக்கு,

நல்லதை முதலில் சொல்கிறேன். என் ரசனை உயர்ந்துவிட்டது. புல்லாங்குழலை விட்டுவிட்டேன். அது வெறும் காற்று, சின்னப்பிள்ளை விளையாட்டு. பெண் குரலும் இப்போது பிடிப்பதில்லை. இந்தக் காலத்துப் பாடகிகள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். கனத்த ஆண் குரலும் நாதஸ்வரமும் போதும் என்று ஆகிவிட்டது.

ஆவுடையப்பனும் முன்னைப் போல் இல்லை, தொழிலில் அசிரத்தை. "ஏலே, கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடின மாதிரில்லா பதிஞ்சிருக்க" என்று சண்டை போட்டேன். மூன்றாம் தடவை, கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற குமிழைக் கடைசி வரை திருகிப் பதிந்தான். "அண்ணாச்சி, பல்லு கூசுது, போதும்" என்று காதைப் பொத்திக்கொண்டான். "உனக்குப் பல்லுலதாம்லே காது" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்து என்னவோ சொன்னார்கள். பெரிய மனுசன் அதையெல்லாம் காதில் வாங்கக் கூடாது.

இனி மற்றது. பதறாமல் படி. வெள்ளிக்கிழமை உன் அம்மாவுக்கு இடது பக்கம் வாதம் அடித்துவிட்டது. கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது. நான் மில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போகிறேன். செய்தி கேட்டு மேனேஜர் அழுதார். மில் இரண்டு நிமிசம் நின்றது என்றும் சொல்கிறார்கள்.

நான் இருக்கிறேன். என் அக்காவை நான் பார்க்காமல் யார் பார்ப்பது.

உன் மாமன்,
ஐயாதுரை


மஸ்கட்
28.10.1989

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். அப்பா இல்லாத வீட்டில் நீங்களும் இல்லாவிட்டால் அம்மா என்ன ஆவாள் என்று நினைக்கவே முடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருசத்துக்கு மேல் கிடக்கிறது.

அம்மாவுக்கு மருந்தைவிட முக்கியம் ஒன்றுதான் மாமா. கூப்பிட்டால் வருவதற்கு ஒரு ஆள். எழுந்திருக்க முடியாதவளுக்குக் குரல்தான் கால். தலைமாட்டில் ஒரு பித்தளை டம்ளரும் கரண்டியும் வையுங்கள். தொண்டை கட்டினால் வலது கையால் தட்டிக் கூப்பிடட்டும். நீங்கள் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அது கேட்க வேண்டும், அது போதும்.

புல்லாங்குழலை விட்டுவிட்டீர்கள் என்பது ஆச்சரியமாக இருக்கிறது.

அன்புள்ள மருமகன்,
சேதுபதி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.1990

சீமைக்குப் போன செல்வ மருமகன் சேதுபதிக்கு,

ஆடிப்பூரத் தேர் முடிந்தது. தேருக்கு முன்னால் வாசித்த தவில் இருக்கிறதே, அது காது வழியாக வரவில்லை. உள்ளங்கால் வழியே ஏறி வயிற்றில் வந்து நின்றது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் எனக்குத் தவில்தான். ராகம் கீகம் எல்லாம் மேல்பூச்சு. நாதஸ்வரக் கேசட்டுகளை அள்ளிக் கூமாப்பட்டி ஆள் ஒருத்தருக்குத் தானம் கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துத்தான் கேட்பது. பெரிய வித்வான்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்களாம். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

அக்கா நல்ல அமைதியாகிவிட்டாள். வந்த புதுசில் நிமிசத்துக்கு ஒருதரம் தம்பீ, தம்பீ என்பாள். இப்போது கூப்பிடுவதே இல்லை. பாட்டு கேட்டுக் கேட்டு மனசு அடங்கிவிட்டது. சில நேரம் உள்ளே போனால் டம்ளரில் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டு கிடக்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர். அம்புட்டு ரசனை.

தொந்தரவு அடுத்த வீட்டில்தான். வில்சன் அக்கா சந்தனமேரி தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்ததும் நேரே இங்கே வந்து வாயை வாயை அசைக்கிறாள். சத்தத்தைக் குறைக்கணுமாம். "ஏட்டி, குறைச்சா அது தவிலா, தகர டப்பா" என்றேன். இப்போது வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் கேட்கிறேன்.

மதுரை பஸ்காரன்கள் ஆரன் அடிப்பதையே விட்டுவிட்டான்கள். போன வாரம் ஒருத்தன் என் சைக்கிளின் பின்சக்கரத்தை உரசிக்கொண்டு நின்றான். டிரைவர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். வாய் அசைந்த மாதிரியைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

உன் மாமன்,
தவில் ரசிகர் ஐயாதுரை


மஸ்கட்
2.12.1990

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா டம்ளரில் தாளம் போடுகிறாள் என்ற வரியைப் பலமுறை படித்தேன். அம்மாவுக்குத் தாளம் வராது மாமா. கும்மியில்கூட அவள் கை தனியாகத்தான் விழும். அது தாளமாக இருக்காது.

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். ஒருதரம் காது டாக்டரிடம் காட்டுங்கள். கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள். சந்தனமேரி அக்கா வந்து போகட்டும்.

குவைத் சண்டையால் எல்லாருக்கும் விடுப்பை நிறுத்திவிட்டார்கள். வில்சன் மட்டும் எப்படியோ அனுமதி வாங்கித் தைக்கு ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு காலிக் கேசட் கொடுத்து விடுகிறேன். அம்மாவைப் பேச வைத்துப் பதிந்து அனுப்புங்கள். அவள் குரலையாவது கேட்கிறேன்.

சேதுபதி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.2.1991

மருமகன் சேதுபதிக்கு,

காதா? எனக்கா? விருதுநகரில் பஞ்சு வண்டி கிளம்பினால் இங்கே திரும்பிப் பார்க்கிறவன் நான். மாமனைப் பார்த்து மருமகன் எழுதுகிற எழுத்தா இது? சரி, பிள்ளை தூரத்தில் கிடந்து தவிக்கிறது என்று மன்னித்துவிட்டேன்.

நீ கேட்டபடி பதிந்தாயிற்று. கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, செட்டை மடியில் வைத்து, சிவப்புப் பொத்தானை நானே அமுக்கினேன். உன் அம்மா அரைமணி நேரம் பேசினாள். உன் மேல் எம்புட்டுப் பாசம். நடுவில் நடுவில் அழுதாள். என்னைக் கை காட்டிக் காட்டிப் பேசினாள். என் பெருமையைத்தான் சொல்கிறாள் என்று நானும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அதைப் பார்த்து இன்னும் அழுதாள்.

கேசட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்து வில்சன் கையில் கொடுத்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டவன் நான். ஆனாலும் இங்கே எழுதினால் உனக்கு ருசி போய்விடும்.

உன் மாமன்,
ஐயாதுரை


மஸ்கட்
24.2.1991

மாமா,

அந்தக் கேசட்டில் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

"ஐயா சேதுபதி, உங்க மாமா என் எதிர்லதான் இருக்கான். நான் சொல்லுதது ஒண்ணும் அவனுக்குக் கேக்கல. சிரிச்சுத் தலையாட்டுதான், பாவி. ஒரு வருசமா நான் கூப்பிட்டா வர ஆள் இல்ல. காலையில ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி அவனா வந்தாத்தான் தண்ணி. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, விட்டுட்டேன். போன மாசம் கட்டிலுக்கு அடியில கொசுவர்த்தித் தீ பத்தி என் சேலை முந்தி எரிஞ்சுது. நான் அலறுதேன், இவன் முன்ரூம்ல பெட்டி மேல கைய வச்சுக் கண்ணை மூடி உக்காந்திருக்கான். சந்தனமேரி கொல்லைச் சுவர் ஏறிக் குதிச்சு வந்து அணைச்சா. யார்ட்டயும் சொல்லாதேன்னு நான்தான் அவகிட்டச் சத்தியம் வாங்கினேன். தெருவுக்குத் தெரிஞ்சா இவன் தாங்க மாட்டான். இவனை ஏசாத ஐயா. சோத்தைப் பிசைஞ்சு ஊட்டித்தான் விடுதான். ஆனா நான் இப்படியே செத்தாலும் இவனுக்குத் தெரியாது. நீ வந்துரு."

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் மூன்றாம் தேதி வந்துவிடுவேன். அதுவரை சந்தனமேரி அக்காவை வீட்டோடு இருக்கச் சொல்லுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் மாமா.

சேதுபதி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.3.1991

சேதுபதிக்கு,

கடிதம் கிடைத்து நாலு நாள் ஆகிறது. வில்சன் கேசட்டை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம் நன்றாகவே வந்தது. பொறவு எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கட்டில் கயிறு கை அகலத்துக்குக் கருகியிருந்தது. தினம் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு ஊட்டுகிறேன். எழுதினதைக் கிழித்துவிட்டேன்.

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டி, இதெல்லாம் நெசமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசினாள். ஒன்றுமே தெரியவில்லை. உதடு மட்டும்தான் அசைகிறது. அவளுக்கு எழுதவும் வராது. மஸ்கட்டில் இருக்கிற உனக்குக் கேட்டது, ஒரு முழத் தூரத்தில் இருக்கிற எனக்குக் கேட்கவில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை, வீட்டோடு இரு என்று சந்தனமேரியிடம் என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அவள் வேலைக்குப் போகாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. சாயந்தரம் அவள் வருகிற வரைக்கும் நான்தான். கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. செட்டைத் தொடுவதில்லை. கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அக்கா வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கண்ணை மூடினால் அக்கா ஊமையாகிவிடுகிறாள்.

மறைக்காமல் எழுதுகிறேன். முந்தாநாள் மத்தியானம் உட்கார்ந்தபடியே அசந்துவிட்டேன். முழித்தபோது அக்கா தரையில் கிடந்தாள். எம்புட்டு நேரம் கிடந்தாள், எத்தனை தடவை கூப்பிட்டாள், தெரியாது. இடுப்பு எலும்பு என்று டாக்டர் தொட்டுக் காட்டினார். மற்றபடி அவர் என்ன சொன்னார் என்று சந்தனமேரி உனக்கு எழுதுவாள். என்னிடம் எழுதிக் காட்டு என்றால் அவள் காட்டமாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் மூன்று வேண்டாம். முன்னாடியே வா.

இதை எழுதும்போதும் வரிக்கு ஒருதரம் நிமிர்ந்து பார்க்கிறேன். இதுவரை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது வாய் அசைகிறது. எழுதினது போதும்.

ஐயாதுரை