நெகட்டிவ் என்றால் ஒன்றுமில்லை

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் வயிற்றில் இருப்பதும் சுகமாயிருக்க வேண்டும்.

அப்பாவின் முட்டிவலி தேவலை. என் தையல் மெஷின்தான் அவரைவிட அதிகமாக முனகுகிறது. இதைப் போனில் சொல்லலாம் என்றால், உன் மாமியார் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே ஒலிபரப்புவார். அதனால் உன் தோழி கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

உனக்கு நெகட்டிவ் ரத்தம், மாப்பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தாய். எத்தனையாவது என்று டாக்டரம்மா கேட்டதற்கு மாமியார் முந்திக்கொண்டு தலைச்சன் என்றாராம், நீயும் தலையாட்டினாயாம். அப்படியானால் பயமில்லை, ஏழாம் மாதம் ஒன்று, பிறந்ததும் ஒன்று, ஊசி போட்டால் போதும் என்று டாக்டரம்மா சொன்னாராம். படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

போன வருடம் இங்கே நீ வந்திருந்தபோது நான்காம் மாதத்தில் கலைந்ததே, அன்று கிளினிக்கில் தந்த சீட்டைத் தேடி எடுத்தேன். அதிலும் நெகட்டிவ் என்றுதான் இருக்கிறது. நோய் ஒன்றுமில்லை என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன், பாவி. கீழே, மூன்று நாளுக்குள் ஊசிக்கு வரவும் என்று எழுதியிருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு ஊசி எதற்கு என்று நான்தான் உன்னைக் கூட்டிப்போகவில்லை. புகுந்த வீட்டில் மூச்சு விடாதே என்றதும் நான்தான்.

நேற்று ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை கொடுக்கப் போனபோது, யாருக்கோ போல அங்கே கண்ணாடி போட்ட ஒரு நர்ஸிடம் கேட்டேன். "கலைஞ்சதும் கணக்குதாம்மா" என்றாள். கலைந்த பிள்ளையின் பாசிட்டிவ் ரத்தம் தாயின் நெகட்டிவ் ரத்தத்தில் கலந்திருந்தால், தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்து, அடுத்த பிள்ளையின் ரத்தத்தை அழிக்குமாம். அப்படி ஆகியிருந்தால் இனி ஊசி பலிக்காதாம். ஆனால் ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடுமாம், முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளையைக் காப்பாற்றலாமாம். "யாருக்கும்மா?" என்று கேட்டாள். உறைகளை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பயமாயிருக்கிறது, கண்ணே.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். நாளைக்கே டாக்டரம்மாவிடம் காட்டு. மாமியார் கோபித்தால், அம்மா மறைக்கச் சொன்னாள் என்று பழியை என் தலையில் போடு. நான் வந்து அவர் காலில் விழுகிறேன்.

எத்தனையாவது என்று கேட்டால், இரண்டாவது என்று சொல். அதற்கும் நீதானே அம்மா.

உன் வயிறு குளிர வேண்டும் என்று நடுங்கிக்கொண்டிருக்கும்,
அம்மா