இசைத்தாளில் வைத்த விரல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முதுகுவலி குறைந்ததா? நான் நலம். விளக்கணைத்த பிறகு எழுதுவது வார்டனுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

நாற்பது வருடமாக ஊர் ஊராகப் பியானோ வாசிக்கும் அம்மையார் நேற்று எங்கள் இசைப் பள்ளியில் கச்சேரி செய்தார். அவருக்குப் பக்கம் புரட்டுவது என் வேலை. தாளில் விரல் படக்கூடாது என்று பியானோ டீச்சர் மிரட்டியிருந்தார். குட்டை விரல்காரி என்று என்னை இந்த வருடத்தோடு வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பவரும் அவர்தான்.

நடுவில் அம்மையாரின் கண் வரியைத் தவறவிட்டது. கை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பாடலை நான் ஒளிந்து ஒளிந்து பழகியிருந்தேன். சரியான வரியில் விரலை வைத்தேன். சபைக்கு ஒன்றும் தெரியவில்லை.

டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. கச்சேரி முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாருடி உன்னை விரல் வைக்கச் சொன்னது?"

"நான் தொலைஞ்ச இடம் இவளுக்குத்தானே தெரிஞ்சுது" என்றார் அம்மையார். "நாளைக்கு அந்த விரலைப் பியானோ கட்டையில வெச்சுக் காட்டு, கண்ணு."

இன்று அந்தப் பாடலை முழுதாக வாசித்துக் காட்டினேன், அப்பா. அவர் தன் உள்ளங்கையை என் கையோடு சேர்த்து வைத்தார். இரண்டும் ஒரே அளவு. டீச்சர் அடுத்த வருடப் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டார்.

நகவெட்டி அனுப்புங்கள். அம்மாவின் பழைய சால்வையும் வேண்டும், துவைக்க வேண்டாம். வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

உங்கள்
குட்டை விரல்காரி